கெடுதல் குறைந்த எலக்ட்ரிக் பிரஷ்: வாடிக்கையாளர் தேவையை எங்கே பிடிப்பது?

வரைபலகை:

எல்லோருக்கும் வணக்கம். தயாரிப்பு வடிவமைப்பு படிக்கிறேன், கடைசி வருடம். குழு ப்ராஜெக்டுக்கு எலக்ட்ரிக் டூத்பிரஷ் எடுத்திருக்கிறோம். இப்போது கிடைப்பதைவிடக் குப்பை குறைவாக இருக்க வேண்டும். ஆனால் யோசனை எங்கள் ஆசையிலிருந்து வரக்கூடாது, பயன்படுத்துகிறவர்களின் தேவையிலிருந்து வர வேண்டும் என்பது கைடு போட்ட நிபந்தனை.

சிக்கல் அங்கேதான். பேட்டி எடுத்தோம். "சுற்றுச்சூழலுக்கு நல்ல பிரஷ் வேண்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதே ஆட்களிடம் ஒரு பட்டியலைக் கொடுத்து முக்கியத்துவப்படி வரிசைப்படுத்தச் சொன்னால் சுற்றுச்சூழல் கடைசிக்குப் போய்விடுகிறது. நன்றாகச் சுத்தம் செய்கிறதா, என்ன விலை, சார்ஜ் எத்தனை நாள் நிற்கும், சத்தம் எவ்வளவு, இதெல்லாம்தான் மேலே வருகிறது. குழுவில் ஒருவர் மூங்கில் கைப்பிடி என்கிறார், இன்னொருவர் சோள மாவுப் பிளாஸ்டிக்கில் ஹெட் என்கிறார், மூன்றாமவர் ஆப் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்கிறார். எனக்கு மூன்றுமே பழைய வண்டிக்குப் பச்சைப் பெயின்ட் அடிக்கிற வேலையாகத் தெரிகிறது.

மூன்று விஷயம் கேட்க வேண்டும். இந்த மாதிரி பொருளில் உண்மையான தேவையை எப்படித் தோண்டி எடுப்பது? பேட்டரியை மாற்றும்படி செய்தால் தண்ணீர் புகும், தண்ணீர் புகாமல் அடைத்தால் பேட்டரியை மாற்ற முடியாது, இதற்கு யாராவது வழி கண்டிருக்கிறீர்களா? கடைசியாக, எலக்ட்ரிக் பிரஷ் என்பதே சுற்றுச்சூழலுக்கு ஆகாத சாமான், இதில் என்ன வடிவமைப்பு வேண்டிக்கிடக்கிறது என்று ஒரு பேராசிரியர் கேட்டுவிட்டார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

திருப்புளி:

ஷேவர், டிரிம்மர், பிரஷ் மாதிரி சின்னச் சாமான்கள் ரிப்பேர் செய்யும் கடை வைத்திருக்கிறேன். வடிவமைப்பெல்லாம் எனக்குத் தெரியாது, செத்துப்போன பிரஷ்களைத் தெரியும், அதனால் அங்கிருந்து சொல்கிறேன்.

கொண்டுவருகிறவர்கள் சொல்வது ஒன்றேதான், "பேட்டரி போயிடுச்சு". அடிமூடியைத் திருகி உள்ளே இருப்பதை உருவினால் பேட்டரி போயிருப்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலும் அது தன் வயதுக்குச் சாகவில்லை, தண்ணீர் போய்ச் செத்திருக்கிறது. ஹெட் மாட்டுகிற கம்பி கைப்பிடியை விட்டு வெளியே வரும் இடத்தில் ஒரு ரப்பர் சீல் இருக்கும், ஓடும்போதெல்லாம் கம்பி அங்கே ஆடிக்கொண்டே இருக்கும், அதுதான் முதல் ஓட்டை. திறந்தவுடன் பார்த்தால் கம்பியைச் சுற்றி வெள்ளையாகக் காய்ந்துபோன பேஸ்ட், அதற்குக் கீழே துரு, இன்னும் கீழே போர்டில் பேட்டரி தகடு சால்டர் ஆகியிருக்கும் இடத்தில் பச்சைக் களிம்பு. தண்ணீர் எந்த வழியாக இறங்கியது என்று கோடு போட்டுக் காட்டலாம்.

வெறும் தண்ணீர் என்றால் சீல் தாங்கும். பேஸ்ட்டில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடுகிறது, சாதாரணத் தண்ணீர் நுழையாத இடுக்கில் நுரைத் தண்ணீர் நுழைந்துவிடும். போதாததற்கு, பல்லைத் தேய்க்கப் போட்டிருக்கும் சிலிக்கா, கால்சியம் கார்பனேட் துகள்கள் சீலின் ஓரத்தையும் சேர்த்துத் தேய்க்கின்றன.

சரி, பேட்டரியை மாற்றலாம் என்றால் அதுவும் லேசில் இல்லை. தகடு வைத்து வெல்டு அடித்து நேரே போர்டில் சால்டர் செய்திருப்பார்கள். சார்ஜ் ஆவதற்கான காயில் (கம்பிச்சுருள்) அடியில் இருக்கும், அதன் கம்பி முடி மாதிரி மெல்லிசு, இழுத்தால் போச்சு. பழைய மாடல்களில் 1.2 வோல்ட் நிக்கல் செல் இருக்கும், புதியவற்றில் 3.7 வோல்ட் லித்தியம். இரண்டுமே கடையில் கிடைக்கிற சாதாரண அளவுதான், ஆனாலும் வீட்டில் மாற்ற வழியில்லாமல் வைத்திருக்கிறார்கள். கூலியைச் சொன்னால் புதுசே வாங்கிக்கொள்கிறேன் என்று போய்விடுகிறார்கள், அவர்களைத் தப்பு சொல்ல முடியாது.

அதனால் என் கருத்து, மூங்கிலையும் சோளத்தையும் ஓரமாக வையுங்கள். உள்ளே மோட்டாரும் போர்டும் லித்தியமும் இருக்கும்போது வெளிக்கூட்டை எதில் செய்தால் என்ன? இரண்டு வருடத்தில் சாகும் சாமானை ஆறு வருடம் ஓட வைத்தால் அதுவே பெரிய விஷயம்.

ஈறுநலம்:

பல் மருத்துவர். உங்கள் பேராசிரியரின் கேள்வி நியாயமானது, அதனால் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அவர் மனதில் இருப்பது அநேகமாக 2020-இல் பிரிட்டிஷ் டென்டல் ஜர்னலில் வந்த ஆய்வாக இருக்கும். சாதாரண பிளாஸ்டிக் பிரஷ், தலையை மட்டும் மாற்றும் பிளாஸ்டிக் பிரஷ், மூங்கில் பிரஷ், எலக்ட்ரிக் பிரஷ் நான்கையும் ஐந்து வருடப் பயன்பாட்டுக்கு ஒப்பிட்டார்கள். பருவநிலை பாதிப்பில் எலக்ட்ரிக், மூங்கிலைப்போல 11 மடங்கு. ஆனால் முழுதாகப் படித்துப் பாருங்கள், மூங்கிலை அவர்கள் கொண்டாடவும் இல்லை. அதற்கு நிலம் வேண்டும். தலையை மட்டும் மாற்றும் சாதாரண பிளாஸ்டிக் பிரஷ் மூங்கிலுக்கு நிகராக நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறது, ஒழுங்காக மறுசுழற்சி ஆகும் பிளாஸ்டிக்தான் அவர்கள் கைகாட்டும் திசை.

இன்னொரு பக்கம், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2014-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு. எலக்ட்ரிக் பிரஷ்ஷை மூன்று மாதத்துக்கு மேல் பயன்படுத்தியவர்களிடம், கையால் தேய்ப்பவர்களோடு ஒப்பிட்டால், பல்லில் படியும் படலம் 21 சதவீதமும் ஈறு வீக்கம் 11 சதவீதமும் குறைவு. இந்த வித்தியாசம் நடைமுறையில் எவ்வளவு பெரிது என்பது தெளிவில்லை என்றும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். விளம்பரத்தில் அந்த வாக்கியம் வராது!

நான் சொல்ல வருவது, நன்றாகத் தேய்க்கத் தெரிந்த, கை நன்றாக வேலை செய்கிற ஒருவருக்கு எலக்ட்ரிக் பிரஷ் அவசியமே இல்லை. அவருக்கு ஒன்றை விற்காமல் இருப்பதுதான் உங்கள் ப்ராஜெக்டின் மிகச் சிறந்த முடிவு. ஆனால் மூட்டுவாதம் உள்ளவர், பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு கை பலவீனமானவர், படுக்கையில் இருக்கும் பெரியவருக்குப் பல் தேய்த்துவிடுகிறவர், பல்லில் கம்பி போட்டிருக்கும் பிள்ளை, இவர்களுக்கெல்லாம் அது வசதி அல்ல, தேவை. தேவை என்று பேச்செடுத்தால் இவர்களிடமிருந்து ஆரம்பியுங்கள். உங்கள் பேட்டிப் பட்டியலில் இப்படி எத்தனை பேர்?

ஆப் பற்றி ஒரு வரி. அழுத்தித் தேய்த்தால் எச்சரிக்கிற சென்சார் வேண்டும், ஏனென்றால் அழுத்தித் தேய்த்தே ஈறு இறங்கி வேர் தெரிய வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். இரண்டு நிமிட டைமரும் வேண்டும். இரண்டுக்கும் ஒரு சின்ன விளக்கும் ஒரு அதிர்வும் போதும், ப்ளூடூத் எதற்கு?

மூலைவிட்டம்:

சின்ன வீட்டுச் சாதனங்கள் வடிவமைக்கும் வேலை, பிரஷ்ஷும் செய்திருக்கிறேன். திருப்புளி அண்ணன் சொன்னதைக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கலாம்.

ஒருவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சார்ஜ் செய்கிறார் என்று வையுங்கள். வருடத்துக்கு 26 சார்ஜ். லித்தியம் செல்லை 300 முதல் 500 முழுச் சார்ஜ் வரை தாங்கும் என்று போடுவது வழக்கம். குறைந்தபட்சம் 300 என்றே எடுத்தாலும் பத்து வருடத்துக்கு மேல் வர வேண்டும்! அப்படியானால் சார்ஜ் ஏறி இறங்கித் தேய்ந்து இந்தப் பேட்டரி சாவதில்லை. ஒன்று தண்ணீர், இல்லாவிட்டால் வருடம் முழுக்க ஸ்டாண்டில் 100 சதவீதத்தில் வைத்தே இருப்பது. லித்தியத்துக்கு நிறைந்த நிலையில் சும்மா கிடப்பது ஆகாது, வெந்நீர் ஓடும் குளியலறைச் சூடு சேர்ந்தால் இன்னும் ஆகாது. சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும்படி போர்டில் அமைத்துவிட்டால், செலவே இல்லாமல் பேட்டரிக்கு ஆயுள் கூடும். வாடிக்கையாளருக்கு இது தெரியவே வேண்டாம்.

அடுத்தது ஸ்டாண்டு. இதை யாரும் கவனிப்பதில்லை. பிரஷ்ஷுக்குள் இருக்கும் செல் சுமார் 3 வாட்-மணி, வருடத்துக்கு 26 தடவை என்றால் 78 வாட்-மணி, 0.1 யூனிட்கூட இல்லை. சார்ஜர் ஸ்டாண்டு சும்மா செருகியபடி அரை வாட் இழுத்தால் வருடத்துக்கு 4.38 யூனிட். பல் தேய்க்க ஆகும் மின்சாரத்தைப்போல ஐம்பது மடங்குக்கு மேல், ஒரு வேலையும் செய்யாமல்! காயில் வழியாகச் சார்ஜ் செய்வதற்குக் காரணம் ஈரமான இடத்தில் வெளியே தெரியும் உலோகத் தொடர்பு வேண்டாம் என்பது, அது நல்ல காரணம்தான். ஆனால் பிரஷ் நிறைந்ததும் ஸ்டாண்டு தூங்கிப்போக வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டாண்டையே எடுத்துவிட்டு, வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் யுஎஸ்பி-சி கேபிளில் போடும்படி செய்யலாம், ஒரு பெட்டிச் சாமான் மிச்சம்.

தேவையை எப்படித் தோண்டுவது என்று கேட்டீர்கள். "வேண்டுமா?" என்று கேட்காதீர்கள். "உங்கள் பழைய பிரஷ் இப்போது எங்கே?" என்று கேளுங்கள். எலக்ட்ரிக் பிரஷ்ஷை விட்டவர்களிடம் போய், ஏன் விட்டீர்கள், கடைசியாக அது என்ன செய்தது, தூக்கிப் போட்டீர்களா டிராயரில் இருக்கிறதா என்று கேளுங்கள். டிராயரில் இருந்தால் எடுத்துவரச் சொல்லுங்கள். முடிந்தால் குளியலறையில் அது எங்கே, எப்படி நிற்கிறது என்று ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். அடியில் கறுப்பாகக் கோழை மாதிரிப் படிந்திருக்குமே, அதைப் பற்றி யாரும் பேட்டியில் வாயே திறக்க மாட்டார்கள், வெட்கம். ஆனால் அந்த அருவருப்பால்தான் பாதிப் பேர் புதுசு வாங்கத் தயாராகிறார்கள் என்பது என் சந்தேகம். கைப்பிடியில் பள்ளமும் ரப்பர் ஓரமும் இல்லாமல் செய்தால் அழுக்கு தங்காது, கூடவே மேலே ரப்பர் ஒட்டாத ஒற்றைப் பிளாஸ்டிக் என்பதால் மறுசுழற்சிக்கும் சுலபம். தேவையும் சுற்றுச்சூழலும் ஒரே கோட்டில் வரும் இடங்கள் இப்படித்தான் கிடைக்கும்.

வாடிக்கையாளர் எதிர்பார்ப்புகளை வகை பிரிக்க நோரியாக்கி கானோ 1984-இல் சொன்ன மாடல் உங்கள் பாடத்தில் இருக்கும். அதை வைத்துப் பார்த்தால் உங்கள் வரிசைப் பட்டியல் ஏன் அப்படி வந்தது என்று புரியும். நீடித்து உழைப்பது என்பது யாரும் வாய்விட்டுக் கேட்காத அடிப்படை எதிர்பார்ப்பு, இருந்தால் யாரும் பாராட்டுவதில்லை, இல்லாவிட்டால் திட்டுவார்கள். அதைப் பட்டியலில் போட்டு மதிப்பெண் கேட்டால் எப்படி வரும்?

சட்டம் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/1542 பேட்டரி விதிப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் சிறு சாதனங்களில் பேட்டரியைப் பயன்படுத்துகிறவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். ஆனால் தண்ணீர் படும் இடத்தில் வேலை செய்யவென்றே செய்த, கழுவக்கூடிய சாதனங்களுக்கு விலக்கு உண்டு, அங்கே தொழில் தெரிந்தவர் மாற்றும்படி இருந்தால் போதும். நிறைய நிறுவனங்கள் இந்த விலக்கில் நிழலுக்கு ஒதுங்கும். நீங்கள் ஒதுங்க வேண்டியதில்லை.

கைமூட்டு:

ஈறுநலம் டாக்டர் சொன்ன ஆட்களில் நானும் ஒருத்தி. முடக்குவாதம், இரண்டு கை மணிக்கட்டும் விரல் மூட்டும்.

எலக்ட்ரிக் பிரஷ் எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம் வேகம் இல்லை, கைப்பிடி தடிமனாக இருப்பதுதான். மெல்லிய பிரஷ்ஷை இறுக்கிப் பிடிப்பதே காலையில் பெரிய பாடு. ஆனால் தடிமனாக்குகிறேன் என்று எடையைக் கூட்டிவிட வேண்டாம், அலுமினியத்தில் அழகாகச் செய்த ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன், கை வலித்தது, ஈரத்தில் வழுக்கவும் செய்தது. மேலே ரப்பர் வேண்டாம் என்று மூலைவிட்டம் எழுதியிருக்கிறார். வேண்டாம் என்றால் வேறு ஏதாவது பிடிமானம் கொடுங்கள், வழவழவென்று விட்டுவிடாதீர்கள்.

ஹெட்டைக் கழற்றிக் கழுவச் சொல்கிறார்கள், தினமும். அதை இழுக்க என்ன பலம் வேண்டும் என்று யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் பல்லால் கடித்து இழுக்கிறேன். சுவிட்சும் அப்படித்தான், ரப்பருக்கு அடியில் புதைந்த சின்னப் புள்ளி, கட்டைவிரலின் நுனியால் குத்த வேண்டும். அகலமான ஒன்றாக இருந்தால் உள்ளங்கையால்கூட அழுத்தலாமே.

பேட்டரி மூடி பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள். சில வருடத்துக்கு ஒருமுறை திறப்பதற்கு வீட்டில் யாரையாவது கூப்பிட்டுக்கொள்வேன். தினமும் இரண்டு தடவை செய்கிற வேலைக்கு யாரையும் கூப்பிட முடியாது.

வரைபலகை:

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. கைமூட்டு அக்கா கடைசியில் எழுதியதைக் குழுவில் அப்படியே வாசித்துக் காட்டினேன். ஒவ்வொரு தேவைக்கும் பக்கத்தில் "எத்தனை நாளுக்கு ஒருமுறை" என்று ஒரு பத்தி சேர்க்கப் போகிறோம். ஹெட் இழுப்பது தினசரி, பேட்டரி மூடி வருடக்கணக்கில். இரண்டையும் ஒரே தராசில் வைத்து "எளிதில் கழற்றக்கூடியது" என்று எழுதி வைத்திருந்தோம்.

அப்போது மூடியை நாணயத்தால் கால் சுற்றுத் திருப்பித் திறக்கும்படி செய்து, உள்ளே ஓ-ரிங் (ரப்பர் வளையம்) வைத்து, செல்லை சால்டர் இல்லாமல் ஸ்பிரிங் தொடர்பில் உட்கார வைக்கலாமா? அந்த மூடி வழியாகத் தண்ணீர் புகாதா?

அப்புறம் ஹெட் விஷயம். மூன்று மாதத்துக்கு ஒன்று என்றால் ஐந்து வருடத்தில் இருபது. ஹெட்டை நீண்ட நாள் வரும்படி செய்யலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது, சரிவருமா?

ஈறுநலம்:

ஹெட்டின் ஆயுளை நீட்டாதீர்கள். நார் விரிந்து வளைந்த பிறகு அது ஈற்றை உரசுமே தவிரப் பல்லைச் சுத்தம் செய்யாது. நாரை இன்னும் கெட்டியாக்கி நீட்டினால் எனக்கு வேலை கூடும், அவ்வளவுதான். மாற்றுகிற பகுதியைச் சின்னதாக்குங்கள்.

மூலைவிட்டம்:

ஆமாம். ஹெட்டை அறுத்துப் பார்த்தால் புரியும். நுனியில் சில மில்லிமீட்டர் நைலான் நாருக்காகக் கீழே விரல் நீளத்துக்குப் பிளாஸ்டிக் குழாய், உள்ளே கம்பியைப் பிடிக்கும் ஒரு உலோகத் துண்டு. தேய்வது நுனி மட்டும்தான், குழாய்க்கு ஒன்றுமே ஆகியிருக்காது. நுனியை மட்டும் மாற்றும்படி செய்தால் குப்பை வெகுவாகக் குறையும், ஆனால் அந்த இணைப்பு வாய்க்குள் கழன்றுவிடக் கூடாது, இழுவிசைச் சோதனையை விடவே விடாதீர்கள். எலக்ட்ரிக் பிரஷ்களுக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 20127-ஐ முதலில் ஒருமுறை புரட்டுங்கள்.

இன்னொன்று, நார்க் கொத்துகளைப் பெரும்பாலும் சின்ன உலோகத் தகடு அடித்துத்தான் துளைக்குள் இறுக்குகிறார்கள். ஹெட் மறுசுழற்சி ஆகாததற்கு அதுவும் ஒரு காரணம். தகடு இல்லாமல் நாரின் அடியை உருக்கி ஒட்டும் முறையும் இருக்கிறது, செலவு கொஞ்சம் கூடும். சோள மாவு நண்பரிடம் இதைச் சொல்லுங்கள். மக்கும் பிளாஸ்டிக்கில் நைலானும் உலோகமும் குத்தி வைத்தால் எதுவும் மக்காது.

கைப்பிடியை வீட்டில் பகிர்ந்துகொள்ளவும் வழி செய்யுங்கள். நான்கு பேருக்கு ஒரு கைப்பிடி, ஆளுக்கு ஒரு நிற வளையம் போட்ட ஹெட். ஒரு ஆளுக்கு விழும் மோட்டார், போர்டு, பேட்டரி பங்கு நாலில் ஒன்றாகிவிடும், வேறு எந்தப் பொருள் மாற்றமும் இந்த அளவுக்கு இறக்காது. அப்போது சார்ஜ் வருடத்துக்கு நூறு தடவை ஆகும், அதாவது பேட்டரி நிஜமாகவே தேய்ந்து தீரும். மாற்றும் வசதி அங்கேதான் அர்த்தப்படுகிறது. காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பும் வீட்டில் இது நடக்குமா என்பதைப் பேட்டியில்தான் பார்க்க வேண்டும்.

திருப்புளி:

மூடியைப் பற்றிக் கேட்டீர்களே. அடிமூடியும் ஓ-ரிங்கும் பயப்படுகிற இடமே இல்லை, அசையாத சீல் தாங்கும். முக்குளிக்கிறவர்களின் டார்ச்சில் மூடி திறந்து மூடித்தான் பேட்டரி போடுகிறார்கள். ஓ-ரிங்கில் துளி சிலிகான் கிரீஸ் தடவச் சொல்லுங்கள், பேட்டரியோடு ஒரு புது ரிங்கும் சேர்த்துக் கொடுங்கள். ஸ்பிரிங் தொடர்புக்கு முலாம் நல்லதாகப் போடுங்கள், அதிர்கிற சாமானில் மலிவுத் தொடர்பு விட்டுவிட்டுப் பிடிக்கும். பயப்பட வேண்டியது மேலே ஆடுகிற கம்பிதான். அந்தச் சீலையும் மாற்றும் பாகமாக்கிவிட்டால் என் மாதிரி ஆட்கள் கும்பிடுவோம்.

சோதனையை மட்டும் வெறும் தண்ணீரில் செய்துவிட்டு முடித்துவிடாதீர்கள். ஐபிஎக்ஸ்7 என்று பெட்டியில் போடுவது ஒரு மீட்டர் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் வைத்துப் பார்ப்பது, பேஸ்ட்டும் கிடையாது, ஓடும் கம்பியும் கிடையாது. நீங்கள் பேஸ்ட்டைத் தண்ணீரில் கரைத்து அதில் ஹெட்டையும் கழுத்தையும் முக்கி ஓட விடுங்கள். தினமும் நாலு நிமிடம் என்றால் ஒரு வருடம் பல் தேய்ப்பது மொத்தம் 24 மணி நேரம்தான், ஐந்து வருட ஓட்டத்தை ஒரு வாரத்துக்குள் பார்த்துவிடலாம். நடுநடுவே நிறுத்திக் காய விடுங்கள், காய்ந்த பேஸ்ட்தான் சீலைக் கிழிக்கும். முடிந்ததும் அறுத்து, கம்பிக்கு அடியில் வெள்ளை இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். படம் எடுத்து இங்கே போட்டால் எந்த இடத்தில் விட்டது என்று நான் சொல்கிறேன்.